ஒரு மாதம் மூடினால்

பீங்கான் கோப்பைகள் செய்யும் செராமிக் கொட்டகைகளை ஒட்டிய சின்னத் தேவாலயத்தைப் பூட்டி மூன்று நாளாகியும் யாரும் வந்து ஏனென்று கேட்கவில்லை. சபைச் செயலாளர் தர்மராஜ் எதிர் டீக்கடையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூட்டியவன் அவன்தான். திருச்சபை மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது: 'உங்கள் ஆலயத்தை ஒரு மாதம் மூடினால் ஊர் எதை இழக்கும்? வியாழக்கிழமை எங்கள் பிரதிநிதி வருவார். பதில் இல்லாத சபை திட்டக்குடி சபையோடு இணைக்கப்படும்.' ஊகித்து எழுத அவனுக்கு மனம் வரவில்லை. சோதித்துப் பார்த்தே எழுதலாம் என்று திங்கட்கிழமை பூட்டிவிட்டான்.

இன்று வியாழன். பக்கம் வெள்ளையாகவே இருந்தது. சபையைச் சேர்ந்த கனகா அந்த வழியாக வந்தாள்.

"அக்கா, கோயிலு பூட்டியிருக்குது, பாத்தீங்களா?"

"அப்டியா? நல்லதாப் போச்சு தம்பி. ஞாயித்துக்கிழமை நல்லூர்ல தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அதை எழுதினான். பிறகு கோடு போட்டு அடித்தான். போதகர் ஜெயராஜிடம் ஓடினான்.

"அய்யா, ஒருத்தரும் தேடல!"

"பூட்டச் சொன்னது யாருடா? போய்த் தொற. ஆளுங்களைக் கூப்பிடு. பிரதிநிதி பஸ்ஸு வர்ற நேரம்!"

அவசரத்தில் திருகியதில் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது. ஆட்களைக் கூப்பிட மிச்சமிருந்தது வெளியே கம்பத்தில் தொங்கிய மணிதான். அதை அவன் அடித்ததே இல்லை. எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்பதால், ஒரு அடி, பத்து வரை எண்ணிக்கை, அடுத்த அடி என்று நிதானமாக அடித்தான்.

கொட்டகைகளிலிருந்து கைக் களிமண்ணைக்கூடக் கழுவாமல் ஜனம் ஓடி வந்தது. பாவாடை என்கிற சூளைக்காரர் மாலையே வாங்கி வந்துவிட்டார்.

"யாரு போயிட்டாங்க?"

"யாரும் போவலியே!"

"வுட்டு வுட்டு அடிச்சியே, அது சாவு மணியாச்சே!"

"கோயிலு அய்யருதான் போலருக்குது" என்று போதகரை நினைத்துச் சொன்னது ஒரு குரல். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். சத்தம் கேட்டு ஜெயராஜே வந்து நின்றதும் ஒப்பாரி பாதியில் நின்றது. மாலையை என்ன செய்வதென்று தெரியாத பாவாடை, அதை அவர் கழுத்திலேயே போட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பிரதிநிதி குடையோடு வந்து சேர்ந்தார். மாலையும் கழுத்துமாகப் போதகர். சுற்றிலும் இருநூறு பேர். பிரதிநிதியின் முகம் மலர்ந்தது. தர்மராஜ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். ஜெயராஜ் அவன் காலை மிதித்தார்.

"நீங்கள்லாம் இந்தச் சபையா?" என்று பிரதிநிதி முன்னால் நின்ற ஆராயியைக் கேட்டார்.

"இல்லீங்க. கோப்பை காய வைக்கிற வேலைங்க."

"பாத்தீங்களா அய்யரே! வேத்து ஜனமே இப்படி ஓடி வருது. இந்தக் கோயிலை மூடினா ஊரு தவிச்சிப் போயிடும்!" பிரதிநிதி பேனாவைத் திறந்தார். தர்மராஜுக்கு மூச்சு வந்தது.

"மூடிடாதீங்க சாமி" என்றாள் ஆராயி. "மூடிட்டா உங்க வூட்டுச் சாவு எங்களுக்கு எப்படித் தெரியும்? போன மாசம் எங்க வூட்டுக்காரரு செத்ததுதான், இந்தக் கோயில்ல ஒருத்தருக்கும் தெரியாமயே போயிடுச்சு."