கரி எரிச்ச சாம்பல்

ஆவடி, குவார்ட்டர்ஸ்
1996, ஆவணி பிறந்த வாரம்

எவ்வளவு கோபம் வந்தாலும் என்னைத் தம்பி இல்லை என்று சொல்ல முடியாத அக்கா பார்வதத்துக்கு, உத்தமன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. ஆத்தூரில் நீயும் மாமாவும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மாமாவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ வந்திருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. "சுடுகாட்டுச் சாம்பலில் கட்டின வீட்டுக்கு வந்து நான் பால் காய்ச்ச மாட்டேன், அந்த வாசப்படியை மிதிக்கவே மாட்டேன்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்று நான் உலை வைக்கவில்லை அக்கா. இதை உனக்குச் சொன்னது யார் என்றும் எழுதியிருக்கிறாய். என் அருமை மகன் கோவிந்தராஜ் பிலாயிலிருந்து போன் போட்டுச் சொன்னானாம். அப்பன் செத்தானா இருக்கானா என்று கேட்க நேரமில்லாதவனுக்கு, அத்தைக்குப் போன் போட்டு அப்பன் மானத்தை வாங்க மட்டும் நேரம் இருக்கிறது. போகட்டும். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், நீயே நியாயம் சொல். முழுவதும் படிக்கும்வரை கடிதத்தை மாமா கையில் கொடுக்காதே, அவர் பாதியிலேயே சிரித்துவிடுவார்.

நான் பேக்டரியில் கடைசிவரை கழிவுச் சாமான் யார்டில் வேலை பார்த்தவன் என்று உனக்குத் தெரியும். எதையும் தூக்கி எறிய எனக்குக் கை வராது. "உங்க கண்ணுக்குக் குப்பைன்னு ஒண்ணு இந்த உலகத்துலயே கெடையாது" என்று சுசீலா தலையில் அடித்துக்கொள்வாள். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வெள்ளானூரில் அவளும் நானும் வாங்கிப் போட்ட மனை இருந்தது, அவள்தான் இல்லை. சரி, அவள் கிண்டல் பண்ணினபடியே கழிவை வைத்தே ஒரு வீடு கட்டிக் காட்டுவோம் என்று இறங்கினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கிற பட்டறைகளில் கொட்டிக் கிடந்த கருப்பு மணலை லாரியில் அள்ளிவந்து கடைக்காலை நிரப்பினேன். இடித்த கட்டடத்துக் காரையை உடைத்து ஜல்லியாக்கிக் கான்கிரீட்டில் சேர்த்தேன். மொட்டைமாடிக்கு உடைந்த டைல்ஸ் துண்டு. சுவருக்குத்தான் சாம்பல் கல். எண்ணூர் பவர் ஹவுசில் நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள் அல்லவா, அதில் மிஞ்சுகிற சாம்பலோடு சுண்ணாம்பு சேர்த்து அழுத்திச் செய்கிற கல். செங்கல்லைவிட வழவழப்பாக, ஓரம் தேயாமல், பார்க்கவே ஆசையாக இருக்கும். என்ஜினீயர்கள் இப்போதுதான் ஒவ்வொருவராக இதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். நான் முந்திக்கொண்டேன், அதுதான் நான் செய்த தப்பு.

கல் லாரி வந்த அன்று நான் சிமெண்ட் வாங்கப் போயிருந்தேன். மேஸ்திரி வேம்புலி மட்டும்தான் மனையில். எதிர்வீட்டு பேபி அம்மாள் அப்போதுதான் வாசல் தெளிக்க வந்திருக்கிறாள். நம் பக்கம் மாதிரி இல்லை, இங்கே யாரும் அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்கத் தயங்க மாட்டார்கள்.

"இன்னா மேஸ்திரி, இது இன்னா கல்லு, வெளுத்துப்போய் கீது?"

"சாம்பக் கல்லுமா."

"சாம்பலா? எங்கேந்து வருது?"

வேம்புலிக்குத் தெரியாது. லாரிக்காரன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொல்லியிருக்கிறான். "எரிக்கிற எடத்துலேந்துதான். தெனம் எரிச்சிக்கினே கீறாங்க. மலை மாதிரி குமிஞ்சி கெடக்குது, அள்ள ஆளில்ல."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை அக்கா. ஆனால் "எரிக்கிற இடம்" என்றால் வெள்ளானூரில் இருக்கிற எவருக்கும் ஒரே ஒரு இடம்தான் மனசில் வரும். நான் சிமெண்ட் மூட்டையோடு திரும்புவதற்குள் தெருவே வாசலில் நின்றிருந்தது. நானும் பேசாமல் உள்ளே போயிருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இது நீங்க நினைக்கிற சாம்பல் இல்ல. இது கரி எரிச்ச சாம்பல்" என்றேன்.

பேபி அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "கறி எரிச்சதா! கேட்டுக்கினியா வடிவு, அவரு வாயாலயே சொல்லிட்டாரு!"

எழுதும்போது சின்ன ர, பெரிய ற வித்தியாசம் தெரிகிறது. வாயில் வந்தால் எங்கே தெரிகிறது? தமிழில் இதை யார் இப்படி வைத்தார்களோ, அவர்கள் வீடு கட்டியதில்லை என்று நினைக்கிறேன். மறுநாள் திருத்தலாம் என்று போனேன். "வெறும் கரி இல்லம்மா, நிலக்கரி. பூமிக்கு அடியில எத்தனையோ காலமா கெடந்தத தோண்டி எடுத்து எரிக்கிறாங்க" என்று பொறுமையாக விளக்கினேன்.

"அய்யய்யோ, பொதைச்சத வேற தோண்டி எடுத்து எரிக்கிறாங்களா! பாவத்துக்கு அளவே இல்லியா சார்?" என்றாள் அந்த வடிவு. வீட்டுக்கு வந்து சுசீலா போட்டோ முன்னால் நின்று, "சிரிச்சது போதும்" என்றேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது கூத்து. என் மனைக்குள் கால் வைத்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் சாவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி தலை முழுகினார்கள். தபால்காரர் கேட்டுக்கு வெளியிலிருந்தே கடிதத்தை வீசினார். புது வீட்டு விலாசம் கொடுத்திருந்தேனே, உன் கடிதமும் அப்படித்தான் வந்து சேற்றில் விழுந்தது. வேம்புலி நல்ல மனுஷன், தளம் போடும்வரை தாக்குப்பிடித்தான். ஒரு நாள் ஈரத் தலையோடு வந்து நின்றான். "நைனா, எனக்கு ஒண்ணியும் இல்ல. ஆனா ஊட்ல வாசல்லயே நிக்கவெச்சி தலைல தண்ணி ஊத்துறா. ஊத்தாம சோறு போட மாட்டேன்றா. தெனம் முழுகி முழுகி மாரெல்லாம் சளி கட்டிக்கிச்சி நைனா, மேஸ்திரி வேலய உடு, உசுரே பூடும் போலகீது" என்று இருமினான். கணக்கு முடித்து அவனை அனுப்பிவிட்டேன். பூச்சு வேலைக்கு ஆள் தேடி அலைந்து, கடைசியில் பாதிச் சுவரை நானே பூசினேன். அந்தப் பாதியை நீ வந்தால் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாய்.

ஊரார் வாயை அடைக்க ஒரே வழி, சாஸ்திரம் தெரிந்தவர் ஒருவர் வந்து வீடு சுத்தமான வீடு என்று எல்லார் முன்னாலும் சொல்வதுதான் என்று யோசித்தேன். இப்போது எல்லாரும் வாஸ்து வாஸ்து என்கிறார்களே, அம்பத்தூரிலிருந்து எத்திராஜ் என்று ஒருவரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவந்தேன். ஸ்கூட்டரில் வந்தார், நெற்றி நிறைய குங்குமம். தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, திசை காட்டுகிற பெட்டியை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தார். முள் ஒரு பக்கம் காட்டியது. சமையலறையில் வைத்தார், வேறு பக்கம் காட்டியது. பூஜை அறையில் வைத்தார், முள் நிற்கவே இல்லை. அடியில் நான் கொட்டினது பட்டறை மணல் அல்லவா, அதில் இரும்புத் தூளும் துண்டுமாகக் கிடக்கிறது. அது இழுக்காமல் என்ன செய்யும்? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "சார், உங்க ஊட்ல நாலு மூலையும் வடக்கு சார். கீழேந்து எவனோ முள்ளப் புடிச்சி இழுக்குறான்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். அன்று மாலை என் தெருவில் எல்லா வீட்டிலும் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது.

பின்பக்கம் ஒரு போர்ஷன் கட்டினேனே, கோவிந்தராஜ் குடும்பத்தோடு வந்தால் தங்க என்று, அவன் வர மாட்டேன் என்றதும் அதற்கு மாட்டிய 'வீடு வாடகைக்கு' பலகையின்மேல் இப்போது காக்கைதான் உட்காருகிறது. அவன் போனில் என்ன சொன்னான் தெரியுமா? "முகப்பேர்ல ஒரு பிளாட் வாங்கியிருக்கலாம்ல அப்பா? குழந்தைங்களை அங்க கூட்டிட்டு வர இவ பயப்படுறா." படித்த பெண், கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கினவள்.

அக்கா, நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைக்காதே. தினமும் காலையில் சைக்கிளை மிதித்துப் போய், அந்த வீட்டைத் திறந்து, ஜன்னலையெல்லாம் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திறந்திருந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று ஒரு நப்பாசை. இரண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். யாரும் வருவதில்லை. சாயங்காலம் மூடிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குத் திரும்புகிறேன். சுசீலா போனதிலிருந்து நான் நாலு வார்த்தை பேசுவது ரேஷன் கடையிலும் சலூனிலும்தான். சில நாள் என் குரலை நானே கேட்காமல் படுத்துவிடுகிறேன். வீடு கட்டினபோது சித்தாள்கள் சண்டை, வேம்புலியின் கூச்சல், கலவை போடுகிற சத்தம், எல்லாம் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது வீடுகூட இல்லை, அந்தச் சத்தம்தான் என்று இப்போது தெரிகிறது. ரொம்பத் தனியாக இருக்கிறது அக்கா. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

இந்த மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தாக வேண்டும். நம் குடும்பத்தில் உடன்பிறந்தவள் கையால் பால் பொங்காத வீட்டில் யாரும் பாய் விரித்ததில்லை. பெண்டாட்டி இல்லாதவன், நான் தனியாக அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினால் அது வீட்டுக்காகவா, காப்பிக்காகவா? வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. நீ வந்துதான் ஆக வேண்டும். அந்தச் சாம்பல் சத்தியமாக நிலக்கரிச் சாம்பல். சுசீலா மேல் ஆணை. நீ ஊர் பூராவும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், "என் தம்பி கட்டினது சுத்தமான வீடு, நிலக்கரிச் சாம்பல்" என்று. நீ வராவிட்டால் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, டிரங்குப் பெட்டியோடு ஆத்தூருக்கு வந்து உன் மாட்டுக்கொட்டகையில் ஓரமாகப் படுத்துக்கொள்வேன். மாமா சம்மதத்தையும் இப்போதே வாங்கி வைத்துவிடு.

மாமாவின் பாதங்களுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நல்ல படிப்போடும் கொஞ்சம் புத்தியோடும் வளர மாமன் தாத்தாவின் ஆசி. வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன்.

உன் வரவைத் தவிர வேறு கதி இல்லாத
தம்பி உத்தமன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தபாலில் போட மனசு வராமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. நீ வர வேண்டாம் அக்கா. அதாவது வா, ஆனால் பால் காய்ச்ச வர வேண்டாம். நடந்ததைக் கேள்.

புதன்கிழமை வழக்கம்போல் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆளும் பெண்சாதியும் கேட்டைத் திறந்து நேராக உள்ளே வந்தார்கள். கேட்டைத் தாண்டி ஆள் வந்து எத்தனையோ நாளாயிற்று, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த ஆள் பெயர் மதுரைவீரன். அவள் அங்கம்மா.

"பலகை பாத்தோம் சார். ஊடு குடுப்பியா?" என்றாள் அங்கம்மா.

"உக்காருங்க, உக்காருங்க. எங்க வேலை?" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "சுடுகாட்டுல சார். எரிக்கிற வேல. சொன்னா ஒருத்தனும் ஊடு தர மாட்டேன்றான். பொய் சொல்லிக்கினு போனா ரெண்டாம் மாசமே தெரிஞ்சிபோய் தட்டுமுட்ட வெளில தூக்கிப் போடுறான். உன் ஊடு எங்க சாம்பல்ல கட்னதுன்னு இங்க பேசிக்கினாங்க. அப்ப நம்மள ஒண்ணியும் சொல்ல மாட்டாருன்னு இவதான் இஸ்துகினு வந்தா. நெசமா சார்? எங்க சாம்பலா?"

அக்கா, எத்தனை மாதமாகத் தொண்டை கிழிய இல்லை இல்லை என்று கத்தினவன் நான். நிலக்கரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அங்கம்மா அதற்குள் எதிரே இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுந்து போய்விடுவாளோ என்று ஒரே பயம்.

"ஆமாம்மா, அதே சாம்பல்தான்" என்றேன்.

யார், எவர் என்று நீ கேட்பாய். நான் கேட்கவில்லை. பின் போர்ஷனைத் திறந்து காட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும், உன் கையால காய்ச்சிக் குடும்மா" என்றேன். "எங்கள எதுக்கெதுக்கோ கூப்டுவாங்க சார், பால் காய்ச்ச யாரும் கூப்ட்டதில்ல" என்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பால் நன்றாகப் பொங்கியது. இதை எழுதும்போது பின்னால் அவர்கள் இரண்டு பேரும் குழம்பில் உப்பு அதிகமா இல்லையா என்று சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கிறது.

தீபாவளிக்கு நீயும் மாமாவும் அவசியம் வாருங்கள். ஒரே ஒரு விஷயம், சுசீலா மேல் ஆணை வைத்துவிட்டு அதற்கு மாறாக நான் சொன்ன பொய்யை அவள் மன்னித்துவிடுவாள், நீயும் அந்தப் பொய்யைக் காப்பாற்று. இந்த வீட்டில் வாய் தவறிக்கூட நிலக்கரி என்று சொல்லிவிடாதே. யார் கேட்டாலும் சுடுகாட்டுச் சாம்பல்தான் என்று அடித்துச் சொல். உண்மை தெரிந்தால் அவர்கள் காலி பண்ணிக்கொண்டு போய்விடுவார்கள்.