ஒரு ஆள் ட்ரெய்லர்

ரிடையர் ஆன மறுநாள் காலையில் ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் யார் சொல்லியும் நான் எதையும் செய்யப் போவதில்லை. முடிவெடுத்த ஐந்தாவது நிமிஷம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி காந்தாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். கடைசிப் பத்து வருஷம் சூப்பர்வைசர். நாற்பது மெஷின், நாற்பது பேர், மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். முட்டி வலி வந்து, போன வருஷம் வேலையை விட்டாள். இந்த வருஷம் நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நாற்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்த மேற்பார்வை மொத்தமும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் உரித்த வெங்காயத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தோல் ஒட்டியிருந்தால் ரிஜெக்ட். நான் காயப்போட்ட துணி ஆல்ட்டர், அதாவது பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டியது. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவையாவது முதல் செக்கிங்கில் பாஸ் ஆனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இத்தனைக்கும் நான் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெருமாள்சாமி என்றால் எங்கள் ஃபேக்டரி டூல்ரூமில் தனி மரியாதை. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் பீஸைத் தூக்கிப் போட்டுவிடுவேன். அப்படிப்பட்டவனைப் பார்த்து, மூலையை யார் பெருக்குவார்கள், பக்கத்து வீட்டுக்காரரா என்று ஒருத்தி கேட்டால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

அதனால்தான் ட்ரெய்லர்.

ஃபோனில் ஆஃப் ரோடு என்று ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர். ஜீப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு வண்டியை மாட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் போகிறார். அந்த வண்டியிலேயே கட்டில், அடுப்பு, மேலே டென்ட். அங்கேயே சமைக்கிறார், அங்கேயே தூங்குகிறார். அரை மணி நேர வீடியோவில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயமும் பக்கத்தில்தான் இருந்தது.

என்னிடம் பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. கையில் தொழில் இருக்கிறது. பொம்மனஹள்ளியில் எங்கள் தெரு முனையில் ஓஸ்வால்டின் வெல்டிங் ஷெட் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? இரண்டு நாள் உட்கார்ந்து டிராயிங் போட்டேன். கட்டில் நீளம் ஆறடி, அகலம் இரண்டரை அடி. ஒரு அடுப்பு. ஒரு தட்டு. ஒரு டம்ளர், அதை மாட்ட ஒரு கொக்கி.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ரிடையர் ஆன அன்று சாயங்காலம், எனக்குப் போட்ட மாலையை ஆணியில் மாட்டிக்கொண்டே காந்தா சொன்னாள்: "இனிமேலாவது எங்கயாச்சும் போலாங்க. இருபத்திரண்டு வருஷமா பஸ் ஜன்னல்ல ஓசூர் ரோட்டைத்தான் பார்த்திருக்கேன்." போகலாம் என்று நானும் தலையாட்டினேன். டிராயிங் போடும்போது அது ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. இரண்டரை அடி என்று எழுதப்போன கை கொஞ்சம் நின்றது. அப்புறம் அந்த வெங்காயத்தை நினைத்துக்கொண்டேன். எழுதிவிட்டேன்.

டிராயிங்கைக் காந்தாவிடம் காட்டினேன். என்னோடு டூல்ரூமில் இருந்த ரவிக்குமாருக்கு ஆனேக்கல் தாண்டி ஏரிக்கரையில் நிலம் இருக்கிறது, நாலு நாள் அங்கே போய் வண்டியை டெஸ்ட் பண்ணப் போகிறேன், டெஸ்ட் என்பதால் இப்போதைக்கு ஒரு ஆள்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சண்டைக்குத் தயாராக நாலு பதில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அவள் பேப்பரை நேராகப் பிடித்து, தலைகீழாகப் பிடித்து, சரி என்றாள். காந்தா இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

வேலை ஆரம்பித்தது. சி-சேனல் இரும்பில் சேஸிஸ், பழைய ஜீப் ஆக்ஸில், தடிமனான ஸ்பிரிங் பட்டை. ஓஸ்வால்ட் கைராசிக்காரன்தான், ஆனால் டிராயிங்கில் இல்லாததையெல்லாம் சேர்ப்பான். ஒருநாள் போய்ப் பார்த்தால், வெல்ட் அடித்து மூட வேண்டிய இடது பக்கத் தகட்டுக்குக் கீல் வைத்து, இரண்டு பின் செருகியிருக்கிறான். தகட்டுக்கு உள்பக்கம் மழமழவென்று பிளைவுட் வேறு. எதற்கடா என்றேன். கீழே இறக்கிக் கழுவ வசதியாக இருக்கும் என்றான். இன்னொரு நாள் அதே தகட்டில் இரண்டு மடக்குக் கால் தொங்கியது. பின்பக்கம் ஏற ஒரு படி, தாழ்வாக, குழந்தைகூட ஏறுகிற மாதிரி. ஸ்பேர் என்று இரண்டு பைப். டம்ளர் கொக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு கொக்கி. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னான்.

"ஆஃப் ரோடு சார். எக்ஸ்ட்ரா இருந்தா ஸ்ட்ராங்கு."

ஆஃப் ரோடு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மார்பு இரண்டங்குலம் கூடும். அதை யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

டென்ட் துணி தைக்க மட்டும் காந்தாவிடம்தான் போக வேண்டியிருந்தது. அந்தத் தடி கேன்வாஸைத் தைக்கப் பெங்களூரில் அவளை விட்டால் எனக்கு ஆள் தெரியாது. அளவுச் சீட்டைக் கொடுத்தேன். இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தாள்.

"அகலம் இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்கு மேல போனா வண்டி வெயிட் தாங்காது."

சாக்பீஸை எடுத்துத் துணியில் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். அந்த ஒரு கேள்விதான். அதற்கப்புறம் ஒரு வாரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. என்னை மெஷின் பக்கமே விடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. நூல் தொங்குவதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. சட்டையில் பிசிறு தெரிந்தால் இழுப்பேன், பட்டன் கையோடு வந்துவிடும். இந்த ஒரு பழக்கத்துக்காக நான் வாங்கிய வசவை எழுதினால் தனி வால்யூம் ஆகும். தைத்து முடித்து, டென்டைச் சுருட்டிக் கயிறு கட்டிக் கொடுத்தாள். இங்கே பிரித்தால் மடிப்பு கெட்டுப்போகும், அங்கே போய்ப் பிரியுங்கள் என்றாள்.

கிளம்புகிற நாள் வந்தது. நாலு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ட்ரெய்லருக்கு இரண்டு, ஆக ஆறு. சூடம் காட்டினாள். எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த ஏரி எவ்வளவு தூரம் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். ஏதாவது ஒன்று ஆனால் தெரிந்திருக்க வேண்டாமா என்றாள். அந்த அக்கறை எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கண்ணாடியில் அவள் வாசலில் நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆஃப் ரோடு டெஸ்ட் எங்கள் தெருவிலேயே முடிந்துவிட்டது. குழாய் போடத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் ஜீப் இறங்கி ஏற, ட்ரெய்லரும் சொன்ன பேச்சுக் கேட்டுப் பின்னாலேயே இறங்கி ஏறியது. சந்தாபுரா, ஆனேக்கல், அப்புறம் தார் ரோடு முடிந்து பாறையும் மண்ணுமாக ஒரு வழி. ஒரு நட்டுகூட லூசாகவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஏரிக்கரையில் ஒரு புங்க மரத்தடியில் நிறுத்தினேன். கால் நீட்டி உட்கார்ந்தேன். ஒரு சத்தம் இல்லை. யாரும் எதையும் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம்.

இரண்டாவது மணி நேரத்தில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏரியில் ஒரு கொக்குதான் நின்றது. மூன்று மணிக்கு டீ போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் பார்க்கிறேன், இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம். இருப்பதோ ஒரு டம்ளர். மிச்ச டீ பாத்திரத்திலேயே ஆறி ஆடை கட்டியது. அதைக் கீழே கொட்ட எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் அந்த இரண்டாவது கொக்கி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, வேலையில் இறங்கினால் மனசு மாறும் என்று டென்டைப் பிரித்து பைப்பில் மாட்டினேன். மாட்டி ஓரத்தைத் தடவிப் பார்த்தால், இடது பக்கத் தையலின் முடிவில் ஒரு நூல் தொங்குகிறது.

ஆஹா! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காந்தாவின் தையலில் பிசிறு! முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. ஃபோனை எடுத்து ஒரு போட்டோ பிடித்து, கீழே ரிஜெக்ட் என்று எழுதி அனுப்ப வேண்டும் என்று கை துடித்தது. ஃபோனை எடுப்பதற்குள் இன்னொரு கை நூலை இழுத்துவிட்டது.

அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருக்கிறீர்களா? சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரு முடிச்சு இல்லாமல் சர்ரென்று மொத்தத் தையலும் வரும். அந்தத் தையல் அது. மேலிருந்து கீழ் வரை பிரிந்து, உள்ளே மடித்து வைத்திருந்த கேன்வாஸ் பொத்தென்று வெளியே விழுந்தது. இரண்டரை அடி அகலம். ஓரமெல்லாம் இரட்டைத் தையல் அடித்து, பைப் செருகப் பட்டையும் வைத்து, சுத்தமாக முடித்த துணி. ஸ்பேர் பைப் இரண்டையும் செருகிப் பார்த்தேன். பொருந்தியது. கழுவுவதற்கான தகட்டின் பின்னைக் கழற்றினேன். தகடு கீழே இறங்கி, மடக்குக் காலில் நின்று, என் கட்டிலோடு ஒட்டி இன்னொரு கட்டிலானது. பிளைவுட் பக்கம் மேலே. நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று நகத்தை விட்டுப் பார்த்தேன். நகம் போகவில்லை. என் டூல்ரூம்காரன் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டான்.

ஐந்தடி அகலக் கட்டிலுக்கு முன்னால் நான் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இங்கே வெங்காயம்கூட இல்லை. ஃபோன் பண்ணினேன்.

"காந்தா, எங்க இருக்க?"

"ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுல. ரெண்டாவது டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன்."

ட்ரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில், மடியில் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். மணியைப் பார்த்தாள். நாலு மணிக்கு ஃபோன் வரும் என்று ஓஸ்வால்டிடம் சொல்லி வைத்திருந்தாளாம். நான் ஃபோன் பண்ணியது டார்கெட்டுக்கு இருபது நிமிஷம் லேட்டாம்.

பாறை வழியில் ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போனது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் இல்லாத ஜீப்பிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். ராகி வயலைப் பார்த்தாள், ஆட்டு மந்தையைப் பார்த்தாள். நான் மெல்லக் கேட்டேன்.

"நானும் வரட்டுமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே காந்தா?"

"கேட்டேனே," என்றாள், வெளியே பார்த்தபடியே. "அகலம் இவ்வளவுதானான்னு கேட்டேன்."

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பைக் கண்டுபிடிக்கிற எனக்கு, இரண்டரை அடித் தப்பு கண்ணில் படவில்லை. தப்புதான் காந்தா என்றேன். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றாள். ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கை அதை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டது.

ஏரிக்கரையில் இறங்கி, அந்தத் தாழ்வான படியில் முட்டி வலிக்காமல் ஏறினாள். டம்ளரை இரண்டாவது கொக்கியில் மாட்டினாள். தையலைத் தடவினாள், தகட்டைத் தட்டினாள், என் கட்டிலை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். வெயில் தாழ்ந்து தண்ணீர் மேல் விழுந்திருந்தது.

"பாஸ்," என்றாள்.

முப்பத்தோரு வருஷத்தில் முதல் செக்கிங்கில் முதல் பாஸ். நான் வாயெல்லாம் பல்லாக நிற்கும்போதே, என் கட்டிலில் தலையணையைப் போட்டுக் காலை நீட்டிப் படுத்துவிட்டாள். அப்போ நான் எங்கே படுப்பது என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

நாலு நாளும் நான் படுத்தது, ஓஸ்வால்ட் கழுவுவதற்காக வைத்த பலகையில்.