பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரு ஏவுகணை

"அது தண்ணிக் குழாயா இருக்கும்," என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"தண்ணிக் குழாய் எதுக்குங்க வானத்தப் பாத்து நிக்குது?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்விதான். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, அதற்கும் பின்னால் காலி மைதானம். பக்கத்து நாட்டுக்காரன் ஏவுகணை விடுவேன் என்று மிரட்ட, நம் நாட்டுக்காரர்கள் பதிலுக்கு மிரட்ட, டிவி பெட்டி சூடாகிக் கிடந்த நேரம். அந்த நேரம் பார்த்து ராணுவ லாரிகள் மைதானத்துக்கு வந்து முள்கம்பி வேலி போட்டுவிட்டுப் போயின. வேலிக்குள்ளே நீளமாக ஒன்று, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சாய்வாக நின்றது.

"பெட்டியெல்லாம் கட்டிட்டேன். எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள் மனைவி.

பஞ்சர்காரருக்கு இப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. யுத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மச்சானைத் தாங்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து மச்சானின் டயர் கடையில் குப்பை கொட்டியவர் அவர். "மாப்பிள்ளை, அந்த ஸ்பேனரை எடுங்க", "மாப்பிள்ளை, டீ சொல்லுங்க" என்று நாள் முழுக்க மாப்பிள்ளை மரியாதை. போன வருஷம்தான் ரோஷம் வந்து தனிக்கடை போட்டார். கிளம்பும்போது மச்சான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "போயிட்டு வாங்க, மாப்பிள்ளை. உங்க ஸ்டூல் இங்கேயேதான் இருக்கும்."

எல்லாவற்றுக்கும் காரணம் இந்த டிவிதான் என்று முடிவு கட்டினார். மனைவி அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிவி நின்றது. கூடவே விளக்கும் விசிறியும் நின்றன.

"பாத்தீங்களா! கரண்ட்ட நிறுத்திட்டாங்க!" என்று மனைவி ஓடி வந்தாள். "விளக்கு தெரிஞ்சா குண்டு போடுவான்னு சண்டைக்கு முன்னாடி இப்படித்தான் நிறுத்துவாங்களாம்!"

"சும்மா ஃப்யூஸ் போயிருக்கும்."

அதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டு அம்மாளுக்குத் தெருவில் 'தந்தி' என்று பெயர். அவர் காதில் ஒன்று விழுந்தால், தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மூச்சு விடுவார்.

"எங்க வீட்ல கரண்ட் இருக்கே," என்றார் தந்தி. கொஞ்சம் யோசித்தார். முகம் வெளுத்தது. "ஐயையோ! அதுக்கு ஒட்டின வீடுன்னு உங்களுக்கு மொதல்ல நிறுத்திட்டாங்க! அடுத்தது நாங்கதான்!"

பொழுது சாய்வதற்குள் தெருவே தானாக விளக்கை அணைத்து, ஜன்னலில் போர்வையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பஞ்சர்காரருக்கு ஃப்யூஸை எடுத்து வெளியே காட்டத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை, நேராகவே கேட்டுவிடுவது என்று வேலிக்குப் போனார். காவலுக்கு நின்றவரிடம் நயமாக விசாரித்தார். திரும்பி வந்தபோது வாசலில் மனைவியும் தந்தியும் காத்திருந்தார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல," என்றார்.

"அவர் வாயால அப்படிச் சொன்னாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தந்தி மொட்டைமாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"தள்ளிப் போகச் சொன்னார்."

"எவ்வளவு தூரம் தள்ளி?" என்றார் தந்தி.

அவ்வளவுதான். ராணுவமே தெருவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது என்று செய்தி பறந்தது. கட்டிலும் மெத்தையும் வண்டியில் ஏறின. ஏறின வண்டியெல்லாம் ஊரைவிட்டு ஓடுவதற்கு முன்னால் டயருக்குக் காற்றடிக்க இவர் கடை வாசலில்தான் வரிசை கட்டின. கடை திறந்த நாள் முதல் இப்படியொரு கூட்டம் வந்ததில்லை. ஓடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டே, ஓடுவதற்குத் தோதாகக் காற்றையும் அடித்துவிட்டார்.

"ஊரே காத்தடிச்சிக்கிட்டுப் போகுது, நாம மட்டும் காத்தடிச்சிக்கிட்டே உக்காந்திருக்கணுமா?" என்றாள் மனைவி. "அண்ணன் வேன் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார்."

பஞ்சர்காரர் பம்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ராணுவ ஜீப் வந்து நின்றது. வரிசை மாயமாக மறைந்தது. இறங்கிய அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "பஞ்சர் ஒட்டற சாமானெல்லாம் எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் மைதானத்துக்கு வர முடியுமா?"

"அவரை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று மனைவி கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பஞ்சர்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தார்ப்பாயை விலக்கியதும் அவர் வாயைப் பிளந்தார். ஏவுகணை தலை தொங்கிப் போய்க் கிடந்தது. தொட்டுப் பார்த்தார். ரப்பர்! பச்சை வர்ணம் அடித்த கெட்டி ரப்பர் உறைக்குள்ளே ஒரு சின்ன மோட்டார் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீரைத் தடவியதும் அடிப்பக்கத்தில் குமிழி கிளம்பியது. தேய்த்து, பசை தடவி, ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள் சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

"ஐயா, எனக்குக் கூலியெல்லாம் வேண்டாம். என் சம்சாரத்த ஒரே ஒரு தடவ இதத் தொட்டுப் பாக்க விடுங்க. இல்லைன்னா என் பொழப்பே போயிடும்."

அதிகாரிக்கும் வீட்டில் சம்சாரம் இருந்திருக்க வேண்டும். தலையாட்டினார்.

மனைவி ஒற்றை விரலால் பயந்து பயந்து அழுத்தினாள். விரல் உள்ளே போய் வெளியே வந்தது.

"பலூனுங்க!" என்றாள். அப்புறம் ஏவுகணையின் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னாலேயே வந்திருந்த தந்தி அடுத்த நிமிஷம் அங்கே இல்லை.

போன வண்டிகள் திரும்பின. ஜன்னல் போர்வைகள் இறங்கின. ஃப்யூஸ்கூட யாருக்கும் தெரியாமல் தன் இடத்துக்குப் போய்விட்டது. மனைவி பெட்டியைத் திறந்து புடவைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது மச்சானின் வேன் வந்து நின்றது.

"ஏறுங்க, மாப்பிள்ளை! உசிரோட இருக்கணும்ல?"

பஞ்சர்காரர் ஏறவில்லை. வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்கே, மச்சான். அடிச்சு விடறேன். அப்படியே ஒரு டீ சொல்லிட்டு வாங்க."

தெருவே சிரித்தது. மச்சான் டீ சொல்லத்தான் போனார். பஞ்சர்காரருக்கு இந்தப் பிறவியில் இதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் ஜீப் டிரைவர் சோப்பு வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"அண்ணே, பிரமாதமா ஒட்டிட்டீங்க! மேலேர்ந்து பாத்தா அசல் ஏவுகணையேதானாம். இனிமே எதிரி ஏமாந்து, நிஜத்த விட்டுட்டு நேரா இங்கதான் அடிப்பான்!"