குடிக்காத இரண்டு பீர்

தொன்புரி, பாங்காக்
மழைக்கால விரதம், தேய்பிறை ஐந்தாம் நாள்

வணக்கத்துக்குரிய லமுன் அக்காவின் பாதங்களில் தலை வைத்துத் தம்பி தவீல் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் மகள் தாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், நக்கோன் சவானில் ஆறு இந்த வருஷமும் உன் வாசற்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பியிருக்கும் என்றும் நம்புகிறேன். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நம் தம்பி பிரயூன் உன் வீட்டில்தான் இருப்பான். நடந்ததை அவன் சொல்லியிருக்கலாம். அவன் குணத்துக்கு ஒன்றுமே சொல்லாமல் உன் வீட்டுக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் கூடும். அதனால் நானே எழுதிவிடுவது நல்லது. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

போன மாதம் நீ எனக்கு இட்ட வேலை ஒன்றே ஒன்று. சொங்க்லாவிலிருந்து பிரயூன் உன்னைப் பார்க்க வருகிற வழியில் ஒரு சாயங்காலம் பாங்காக்கில் இறங்குகிறான். ஆற்றோரம் நல்ல மொட்டைமாடி பாராகப் பார்த்து அவனைக் கூட்டிக்கொண்டு போ, சூரியன் இறங்குகிற நேரத்தில் ஆளுக்கொரு கிளாஸ் கையில் எடுங்கள், கிளாஸ் காலியாவதற்குள் "அன்னைக்குத் தப்பு என் பேர்லதான்" என்று ஒரு வரி சொல்லிவிடு என்றாய். நீங்கள் இரண்டு பேரும் ஒன்பது வருஷமாய்ப் பேசாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூட எனக்கு இஷ்டமில்லை என்றும் சொன்னாய். அந்த வரி சொல்லப்படவில்லை, அக்கா. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. படித்து முடித்தால் நீயே, பாவம் தவீல், அவன்தான் என்ன செய்வான் என்பாய்.

அன்றைய விஷயம் உனக்குத் தெரியாததல்ல, நீயும் அந்தப் படகில் இருந்தவள்தான். அப்பாவின் சாம்பலை ஆற்றில் கரைத்த நாள். நாம் அப்பா காலத்து மணிக்கணக்கில் வளர்ந்தவர்கள். விடிகாலை ஆறிலிருந்து எண்ணினால் காலைப் பத்து மணி நமக்கு "நாலு". சாயங்காலம் நாலும் "நாலு"தான். காலையா மாலையா என்று சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். நான் பிரயூனுக்கு போன் போட்டு நாலு மணிக்குப் படகு என்று சொன்னேன். "காலை" என்று சேர்த்தே சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். அந்தக் காலத்து லைன், ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கலாம். அவன் சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளைச் சட்டையும் கை நிறைய மல்லிகையுமாகத் துறையில் வந்து நின்றான். படகு காலையிலேயே போய்த் திரும்பிவிட்டது, பாத்திரம்கூடக் கழுவியாகிவிட்டது. சித்தப்பாக்கள் அவ்வளவு பேர் முன்னால் நான் "குடிச்சிட்டுத் தூங்கியிருப்பான், வேறென்ன" என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். தாவ் இதைக் கேட்டுவிட்டு, ஒரு கடிகாரத்துக்காகவா ஒன்பது வருஷம் என்று சிரிக்கிறாள். அவள் தலைமுறை இருபத்துநாலு மணிக் கணக்கில் போகிறது. அவர்கள் சண்டை போட வேறு காரணம் தேடவேண்டியிருக்கும்.

சரி, மாடி தேடின கதைக்கு வருகிறேன். முப்பத்தொரு வருஷம் அக்கரைக்குப் போகிற படகுத் துறையில் டிக்கெட் கொடுத்தவன் நான், ஆற்றைக் கணுக்கால் உயரத்திலிருந்தே பார்த்துப் பழகினவன். மேலேயிருந்து அது எப்படி இருக்கும் என்றே தெரியாது. அதனால் மூன்று வாரம் தினம் சாயங்காலம் தலைவாரிக்கொண்டு கிளம்பினேன். முதல் இடத்தில் செருப்போடு ஏறக்கூடாது என்று சொல்லி அவர்களே ஒரு ஜோடி ஷூ இரவல் கொடுத்தார்கள். இரண்டுமே இடதுகால் ஷூ. சொன்னால் எடுத்துக் கொடுத்த பெண்ணுக்குச் சங்கடமாகிவிடுமே என்று போட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு வெள்ளைக்காரர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், படி இறங்கும்போது கையையும் பிடித்துக்கொண்டார். அது தள்ளுபடி. அடுத்த இடம் அருண் கோயிலுக்கு நேர் எதிரே, காட்சி அபாரம், ஆனால் நாற்காலியே கிடையாது, எல்லாம் சாய்ந்து காலை நீட்டிக்கொள்கிற மெத்தைகள், அவ்வளவு மெத்தையும் கோயிலைப் பார்த்து. கோபுரத்துக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு பீர் குடிக்க நம் அம்மா என்னை வளர்க்கவில்லை. காலை மடித்துப் பக்கவாட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் நான் பார்த்தது பக்கத்து மெத்தைக்காரரின் காதுதான். அவர் இடம் மாறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு, நம் கரையை விட்டு எதற்கு அக்கரைக்குப் போகவேண்டும் என்று ரோஷம் வந்து தொன்புரிப் பக்கமே ஒரு மாடி ஏறினேன். சூரியன் நமக்குப் பின்னால், லிஃப்ட் மோட்டார் அறைக்கும் பின்னால் இறங்குகிறது என்பது போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கரையிலேயே அறுபத்தெட்டு வருஷம் வாழ்ந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்காதே, வீட்டுக்காரி கேட்டாயிற்று. அக்கரையில் நூறு பேர் எங்களைப் பார்த்துப் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சூரியனைத்தான் எடுக்கிறார்கள் என்று புரியும்வரை நான் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தேன். இன்னொன்று அறுபதாவது மாடி. அங்கிருந்து பார்த்தால் நான் டிக்கெட் கொடுத்த படகு ஓர் அரிசி அளவு இருந்தது. முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தை அந்த அளவில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அடுத்த லிஃப்டிலேயே இறங்கிவிட்டேன். இப்படியே பதினோரு மாடி. கடைசியில் ஒரு சின்ன ஓட்டலின் ஐந்தாம் மாடி அகப்பட்டது. ஆற்றின் பாதியை ஒரு பெயிண்ட் கம்பெனியின் பெரிய விளம்பரப் பலகை மறைத்துக்கொண்டிருந்தது. அதனால் கூட்டமே இல்லை, அமைதியாக இருந்தது. அதையே முடிவு செய்தேன். தாவ் வந்து பார்த்துவிட்டு, ஊரிலேயே காட்சி தெரியாத ஒரே மாடியைக் கண்டுபிடிச்சிருக்கீங்கப்பா என்றாள்.

மேசைக்குச் சொல்லிவைக்கும்போது அங்கே பரிமாறுகிற பிம் என்ற பெண்ணிடம் ஆறு மணி, சாயங்காலம் ஆறு, காலையில் இல்லை, சாயங்காலம் என்று மூன்று தடவை சொன்னேன். "காலையில நாங்க திறக்கிறதே இல்ல, பெரியப்பா" என்றாள். ஆனாலும் நான் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அந்த நாளும் வந்தது. பிரயூன் சொன்ன நேரத்துக்கு வந்து கீழே நின்றான். மெலிந்திருக்கிறான், முன்தலையில் அப்பாவின் வழுக்கை அப்படியே வந்திருக்கிறது. கும்பிட்டான், கும்பிட்டேன். மேலே போனால் விளம்பரப் பலகையைக் காணோம். காற்றில் ஆடுகிறதென்று முந்தாநாள்தான் கழற்றினார்களாம். ஆறு முழுசாகத் தெரிந்தது. எங்களுக்கு அதிர்ஷ்டம் என்று பிம் சந்தோஷப்பட்டாள். எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

இங்கேதான் முதல் சிக்கல். விரதம் முடிகிறவரை மூன்று மாதம் குடிப்பதில்லை என்று நான் வீட்டுக்காரிக்காகக் கோயிலில் சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் விருந்தாளியை வைத்துக்கொண்டு சர்பத் சொன்னால் அவன் என்ன நினைப்பான் என்று இரண்டு பீர் சொன்னேன். அவனும் விரதம் போலிருக்கிறது. ஆனால் அண்ணன் ஆசையாகச் சொல்லிவிட்டானே என்று வாயைத் திறக்கவில்லை. எதிராளிக்குச் சங்கடம் வரக்கூடாதென்று தன் சங்கடத்தை விழுங்குகிற வியாதி நம் வீட்டில் எல்லோருக்கும் உண்டே. கிளாஸை எடுக்கிறோம், இடிக்கிறோம், உதட்டருகே கொண்டுபோகிறோம், ஆற்றைப் பற்றி ஏதோ சொல்லிக் கீழே வைக்கிறோம். பிம் வேறு அடிக்கடி வந்து ஐஸ் போட்டுக்கொண்டே இருந்தாள், பீர் ஏறிக்கொண்டே வந்தது. கிளாஸ் காலியாவதற்குள் சொல் என்றாயே அக்கா, அது நிரம்பி வழிகிறது, நான் எப்போது சொல்வது?

அப்படியும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன். சரியாகச் சூரியன் கோபுரத்தைத் தொடுகிற நேரம், பக்கத்து மேசைக் கொரியாக்காரப் பையன் ஒருவன் என் கையில் போனைத் திணித்துவிட்டுத் தன் சிநேகிதியின் முன்னால் மண்டியிட்டான். கல்யாணம் கேட்கிறானாம், நான் படம் பிடிக்கவேண்டுமாம். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாலு நிமிஷம் அசையாமல் பிடித்தேன். அவள் அழுதாள், சரி என்றாள், எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு போட்டுப் பார்த்தால் நாலு நிமிஷமும் என் மூக்கு. போன் என் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. அந்தப் பெண் நல்ல மாதிரி, சிரித்துவிட்டாள். பிரயூனும் சிரித்தான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவன் சிரிப்பைக் கேட்டேன், அது மாறவில்லை. இதுதான் சமயம் என்று திரும்பினேன், மழை பிடித்துக்கொண்டது. முப்பது பேரும் லிஃப்ட் வாசலில் முண்டியடித்து நின்றோம், என் முகத்துக்கு முன்னால் யாருடைய முதுகோ இருந்தது. அப்புறம் அவனுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேர் மட்டுமாக ஒரு நிமிஷம்கூட வாய்க்கவில்லை. இதுதான் நடந்தது. இதில் என் குற்றம் எங்கே இருக்கிறது என்று நீயே சொல்.

உனக்குச் செய்ய நினைத்ததைச் செய்ய முடியாமல் போனதில் எனக்கு மெத்த வருத்தம். அடுத்த வருஷம் பார்க்கலாம். நீ இன்னும் நூறு வருஷம் முழங்கால் வலி இல்லாமல் இருக்க அருண் கோயிலில் உன் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். காலை மடித்து உட்கார்ந்துதான் ஏற்றினேன்.

என்றும் உன் சொல்லை மீறாத தம்பி,
தவீல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். "நல்லா இருக்கு. இதுல உண்மை எந்த எடத்துல வருது?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதனால் இதையும் எழுதுகிறேன்.

ஷூ இரண்டும் இடதுகால் என்பது உண்மை. மூக்கும் உண்மை. ஆனால் பதினோரு மாடியை நான் தள்ளினது ஷூவுக்காகவும் இல்லை, மெத்தைக்காகவும் இல்லை. அந்தப் பதினோரு மாடியிலிருந்தும், அப்பாவைக் கரைத்த அந்த ஆற்று வளைவு தெரிந்தது. அந்தப் பலகை மறைத்தது பாதி ஆற்றை இல்லை, அந்த வளைவைத்தான். அதற்காகத்தான் அந்த மாடி.

மழை பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டது. எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். பிம் எங்கள் நாற்காலிகளை மட்டும் துடைத்துப் போட்டாள். ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தொடாத இரண்டு பீரையும் பார்த்து, நல்லா இல்லையா, மாத்தித் தரட்டுமா என்று கேட்டாள். "பீர்ல குத்தம் இல்லம்மா. நான் விட்டு ஒம்பது வருஷமாச்சு" என்றான் பிரயூன். அவன் சொன்னது விரதத்தைப் பற்றி இல்லை, அக்கா. யாரும் இன்னொரு தடவை அவனைப் பார்த்துக் குடிச்சிட்டான் என்கிற அந்தச் சொல்லைச் சொல்லிவிடக்கூடாது என்று அன்றைக்கே விட்டிருக்கிறான்.

அவள் போனதும் நாற்காலியை அந்த வளைவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அங்கதானே என்றான். அங்கேதான் என்றேன். பிறகு, மணி என்ன என்று கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"அண்ணே, அன்னைக்கு போன்ல நீ காலைன்னு சொன்னியா?"

"ஞாபகம் இல்லடா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "அப்ப எனக்குத்தான் காதுல சரியா விழல போல. விடுண்ணே" என்றான். தப்பு செய்தவன் நான், என்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றினது அவன். நான் அப்போதும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, அக்கா.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. லைன் எதையும் விழுங்கவில்லை. சுடுகாட்டுக் கணக்கு, சாப்பாட்டுக்காரர், படகுக்காரர் என்று ஆயிரம் அவசரத்தில் நாலு மணிடா என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவன் சாயங்காலம் அந்த மல்லிகையோடு துறையில் வந்து நின்ற நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் சித்தப்பாக்களிடம் "குடிச்சிட்டுத் தூங்கியிருப்பான்" என்று சொன்னேன்.

மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. அவன் குழாயை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்ததும் இதை மட்டும் படித்துக் காட்டு. மீதியை நானே சொல்லிக்கொள்கிறேன். சனிக்கிழமை ரயிலில் வருகிறேன், ஸ்டேஷனுக்கு அவனையே வரச் சொல். நாலு மணிக்கு இறங்குவேன். காலை நாலு. காலை.