பரிமாறும் ஜன்னலில் ஒரு மகா கண்டுபிடிப்பு

"என் பேர்தான் முதல்ல வரும்! டி.என்.ஏ. எங்க ஆய்வுக்கூடத்துச் சொத்து. ரெண்டு வருஷமா நாங்க—"

"ரெண்டு வருஷமா வச்சுக்கிட்டு என்னய்யா கிழிச்சீங்க? மாடல் கட்டினது நான்! கம்பி வளைச்சு வளைச்சு என் கட்டைவிரல்—"

"உங்க மாடல் நேத்து விழுந்துடுச்சாமே?"

"சாஞ்சுது. விழலை!"

மனித குலம் ஒன்றுகூடிச் சிந்தித்த உன்னதத் தருணங்களில் தலையாயது, 1952 மார்ச்சில், லண்டன் கல்லூரி ஒன்றின் பேராசிரியர் சாப்பாட்டு அறையில், ஆட்டிறைச்சிக்கும் புதினாச் சாற்றுக்கும் நடுவே நடந்த 'விஞ்ஞான ஒத்துழைப்புக் கூட்டம்'. ஒரு பக்கம் அந்த ஊர் ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் லம்லி. எதிர்ப்பக்கம், மாடலை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்திறங்கிய போட்டிக் கூடத்து டாக்டர் ஆர்மராட். பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் டி.என்.ஏ. எப்படி இருக்கும் என்று உலகுக்கு யார் முதலில் சொல்வது என்பதில்தான் 'ஒத்துழைப்பு' சூடு பிடித்திருந்தது.

டி.என்.ஏ.வை எக்ஸ்ரே படம் பிடித்த டாக்டர் ஹெஸ்டர் குவேலுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவள் சமையலறையில் நின்றிருந்தாள். சாப்பாட்டு அறைக்குள் பெண்கள் வரக்கூடாது என்பது விதி. அவள் இல்லாமல் கூட்டமே கூடாது என்பது தீர்மானம். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றப் பெரிய மேதைமை வேண்டும். அது லம்லியிடம் இருந்தது. இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் பரிமாறும் ஜன்னல் எதற்கு இருக்கிறது?

"கை மணிக்கட்டு வரைக்கும் உள்ள வரலாம், மிஸ் குவேல்," என்று அவர் பெருந்தன்மையோடு அறிவித்தார். "பட்டாணி நீட்டற கைக்கு உள்ள அதே சலுகை."

"டாக்டர் குவேல். மூக்கு வரலாமா?"

"மூக்கைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை. அதனால வேண்டாம்."

"கொஞ்சம் ஒதுங்கு கண்ணு, கஸ்டர்டு போகணும்," என்றாள் சமையல்காரி மிஸஸ் டாபின்.

எட்டு மாத உழைப்பு அந்தப் படம். வெளிவரப்போகும் ஆய்வுக் கட்டுரையில் தன் பெயர் வர வேண்டும். அது ஒன்றைக் கேட்கத்தான் ஹெஸ்டர் வந்திருந்தாள். கஸ்டர்டின் பின்னாலேயே படத்தையும் நீட்டினாள்.

ஆர்மராட் படத்தைப் பார்த்தார், மாடலைப் பார்த்தார். "அடடா, அப்படியே பொருந்துது!"

"பொருந்தலை," என்றது ஜன்னல். "டி.என்.ஏ.வைத் தாங்கற முதுகெலும்பை நடுவுல வச்சிருக்கீங்க. அது வெளிப்பக்கம் இருக்கணும். சட்டையை உள்வெளியா மாத்திப் போட்ட மாதிரி நிக்குது உங்க மாடல்."

ஆர்மராட் கம்பிகளைக் கழற்றினார், மாற்றி மாட்டினார். மாடல் சாயாமல் நின்றது.

"நின்னுடுச்சு லம்லி!"

"நின்னுடுச்சய்யா! குறிப்பேட்டுல எழுதணும். யார் சொன்னதா எழுதறது?"

"மிஸ் குவேல்னு எழுதினா இந்த அறையில ஒரு பெண் பேசினதா ஆயிடுமே. விதிமீறல் இல்லையா?"

"அப்ப, ஜன்னல்?"

"ஜன்னல் எப்படிக் கட்டுரையில கையெழுத்துப் போடும்?"

"சரி. யாருமே சொல்லலை."

"யாரும் சொல்லலைன்னா நமக்கே தோணியிருக்கணும்."

"ரெண்டு பேருக்கும்!"

"ஒரே நேரத்துல!"

இரு கூடங்களின் பகையும் அந்தக் கணத்தில் ஒழிந்தது. சற்றுமுன் கழுத்தைப் பிடிக்க இருந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். விஞ்ஞான ஒத்துழைப்பு என்றால் இதுவல்லவா!

"என் பேர்?" என்றாள் ஹெஸ்டர்.

லம்லி கனிவோடு திரும்பினார். "படம் எடுக்கறது கை வேலை. கண்டுபிடிக்கறது மூளை வேலை."

"ஆமா, கைக்கு மட்டும்தானே அனுமதி."

"கோவிச்சுக்காதீங்க. நன்றியுரையில சமையலறைக்கு ஒரு வரி போட்டுடறோம்."

"கஸ்டர்டு நல்லாயிருந்துதுன்னும் போடுங்க ஐயா," என்றாள் மிஸஸ் டாபின்.

கட்டுரையில் சேர்க்க ஆளுக்கு ஒரு முனையாகப் படத்தைப் பிடித்து, அதன் அளவுகளை எழுதிக்கொள்ளக் குனிந்தார்கள். லம்லி அதை ஒரு பக்கம் திருப்பினார். ஆர்மராட் மறுபக்கம் திருப்பினார்.

ஹெஸ்டர் ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஒரே நேரத்துல கண்டுபிடிச்ச ரெண்டு பேர்ல, யாராவது ஒருத்தர் சொல்லுங்க. அந்தப் படத்துல நெடுக்கு எது, குறுக்கு எது?"