இரண்டு விசிலும் ஒரு தேக்குக் கட்டிலும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும், உங்கள் மருமகனைப் பெற்றதைத் தவிர வேறு பாவம் எதுவும் செய்தறியாத உங்கள் சம்பந்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மகன், உங்கள் மகள் மூவரும் நலம். உங்கள் முட்டிவலியும் சம்பந்தியம்மாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் கல்யாணத்துக்குச் செய்துகொடுத்த தேக்குக் கட்டிலும் நலம். கட்டிலைப் பற்றிப் பிறகு விவரமாக எழுதுகிறேன், அதுவரை பதற வேண்டாம்.

நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்த காரியம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து இந்த இரண்டும் ஓர் ஊரில் கால் ஊன்றியதில்லை. உங்கள் மகள் பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர், ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஆறு, அடுத்த ஊர். என் மகனுக்கோ மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எங்கே உட்கார்ந்தாலும் அதுதான் ஆபீஸ், ஆகவே அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விடுகிறான். லீவு விட்டாலாவது வீட்டில் இருப்பார்களா என்றால், காரை எடுத்துக்கொண்டு மலை பார்க்கிறேன், அருவி பார்க்கிறேன் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒரே மகளைப் பெற்ற நீங்கள் அவர்களுக்காக மாடி போர்ஷனை யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருக்கிறீர்கள், பெயிண்ட் அடிக்கிறீர்கள், அது காய்ந்ததும் மறுபடி அடிக்கிறீர்கள். இப்போது மறுபடியும் ஊர் மாற்றுகிறார்கள் என்றதும், "நீங்க கூடவே கார்ல போங்க சம்பந்தி, வழியில பேசிப் பேசியே மனசை மாத்தி வண்டிய இந்தப் பக்கம் திருப்பிடுங்க" என்று என்னை அனுப்பி வைத்தீர்கள். நானும் உங்கள் வீட்டு வாசற்படியில் நின்று, "பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வராம நான் ஊர் திரும்பமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வாழ்நாள் முழுக்க ஒரே தடத்தில் கண்டக்டராக ஓடியவன் நான், தடமும் மாறியதில்லை, வாக்கும் மாறியதில்லை.

கிளம்புகிற அன்றைக்கே அந்தச் சனியன் பிடித்த கட்டில், மன்னிக்கவும், நீங்கள் அன்போடு செய்துகொடுத்த கட்டில், லாரியில் ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தது. லாரிக்காரர் எல்லாச் சாமானையும் ஏற்றிவிட்டு, இதற்கு இடமில்லை என்று கையை விரித்துவிட்டார். "இங்கயே யாருக்காவது குடுத்துட்டுப் போயிடலாம்" என்றான் என் மகன். நான் விடுவேனா? சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது? கட்டிலைக் குப்புறப் போட்டுக் காரின் தலையில் ஏற்றிக் கயிற்றால் கட்டவைத்தேன். நாலு காலும் வானத்தைப் பார்த்து நிற்க, சாலையில் போகிறவன் வருகிறவன் எல்லாம் எங்களைத்தான் பார்த்தான். உள்ளே பின் சீட்டில் சுருட்டிய மெத்தை ஒரு பக்கம், செடித்தொட்டி ஒரு பக்கம், நடுவே நான், என் மடியில் குக்கர். வெயில் முகத்தில் அடிக்கிறதே என்று என் துண்டை எடுத்து மெத்தையின் தலையிலிருந்து ஜன்னல் வரை போட்டுக்கொண்டேன். துண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களை நான் மனிதராகவே மதித்ததில்லை. "துண்டுக்கா டிக்கெட் எடுத்தே?" என்று கேட்டு, வந்த வழியாகவே வெளியே விட்டெறிந்திருக்கிறேன். அந்தப் பாவம்தானோ என்னவோ, இந்தத் துண்டே என்னைக் கவிழ்த்துவிட்டது, சொல்கிறேன்.

காரை ஓட்டியது உங்கள் மகள். குறை சொல்ல முடியாது, கையில் கொடுத்த குழந்தையைப் போல வண்டியை வைத்துக்கொள்கிறாள். என் மகன் முன்னால் உட்கார்ந்து போனில் வழி பார்த்தான். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொந்த பந்தம்னு ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான்…" என்று தொடங்கினேன். "வலப்பக்கம் திரும்பவும்" என்றாள் போனுக்குள் இருக்கிற ஒருத்தி. சரி, திரும்பட்டும் என்று பொறுத்து, "ஒரு மாடி போர்ஷன் சும்மாவே கிடக்குது" என்றேன். "வேகத்தைக் குறைக்கவும்" என்றாள். நான் எப்போது வாயைத் திறந்தாலும் அவளும் அப்போதுதான் திறக்கிறாள். இத்தனை வழி தெரிந்தவள், உங்கள் வீட்டுக்குத் திரும்பும்படி ஒரு தரமாவது சொன்னாளா? இல்லை. அவளேதான் குறுக்கு வழி என்று சொல்லி எங்களை ரயில் பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் விட்டாள். அங்கே பெரிய வண்டிகள் நுழையாமலிருக்க ஓர் இரும்புக் கம்பத்தைக் குறுக்கே வைத்திருந்தார்கள். கார் நுழைந்துவிட்டது. கட்டில் நுழையவில்லை.

பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. எனக்கு இதெல்லாம் புதிதா? குக்கரை இறக்கி வைத்துவிட்டு இறங்கி, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிப் பின்பக்கம் போய் நின்றேன். "வரலாம்… வரலாம்… ஒடிச்சு வாம்மா… நேரா… வரலாம்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே படார் என்று ஒரு சத்தம். கம்பத்தில் மாட்டியிருந்த கட்டிலின் இரண்டு கால்கள் என் காலடியில் வந்து விழுந்தன. இப்போது புரிகிறதா, ஏன் பதற வேண்டாம் என்று முதலிலேயே எழுதினேன் என்று? மரத்தில் குற்றமில்லை, நல்ல தேக்கு, கம்பம்தான் அதைவிட நல்ல இரும்பு. கால்களைக் கையில் எடுத்துக்கொண்டேன். வண்டி விடுபட்டுப் பக்கத்துச் சாலைக்கு ஒடித்து நின்றது. முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், வழி சுத்தமாக இருந்தது. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினேன்.

ரிட்டையரான அன்று பையை வாங்கிக்கொண்டார்கள், விசிலை யாரும் கேட்கவில்லை, அது கழுத்திலேயே தங்கிவிட்டது. என் மகன் எழுத்துப் படிப்பதற்கு முன்பே ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ என்று படித்தவன். பள்ளிக்கூடம் கிளம்ப இரண்டு, அழுகையை நிறுத்த ஒன்று, அப்படி வளர்ந்தவன். கண்டக்டர் படியில் ஏறிய பிறகுதான் இரண்டு விசில் கொடுப்பார் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே, "அப்பா ஏறிட்டார், போலாம்" என்றிருக்கிறான். அவளும் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், பின் சீட்டில் மெத்தை மேல் கிடந்த துண்டு நானே உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்திருக்கிறது. கார் போய்விட்டது சம்பந்தி! என் கண்ணெதிரே, மீதி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. என் பர்ஸ் காரில், போன் காரில், செருப்புகூடக் காரில். நடுரோட்டில் நான், விசில், இரண்டு கட்டில்கால்.

அந்தப் பக்கமாக ஒரு பஸ் வந்தது. கையைக் காட்டி ஏறிவிட்டேன். கண்டக்டர் ஒரு பெண். என் கையிலிருந்த கால்களைப் பார்த்து ஓரடி பின்னால் போனாள்.

"எங்க போகணும்?"

"முன்னாடி ஒரு கார் போகுதும்மா. தலையில கட்டில் இருக்கும். அது நிக்கிற இடத்துல எறங்கிக்கிறேன்."

"அப்படி ஒரு ஸ்டாப் இந்த ரூட்ல இல்லையே பெரியவரே. காசு?"

காசில்லாதவனை நடுவழியில் இறக்கிவிட்டே வயசானவன் நான். "ஸ்டாஃப்மா" என்றேன் மெதுவாக.

"கார்டு?"

"அதுவும் கார்லதான் இருக்கு."

"தினமும் யாராவது ஒருத்தர் ஸ்டாஃப்னு ஏறுறாங்க. அடிக்க ஆயுதத்தோட ஏறினது நீங்கதான்" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேறு சாட்சி என்ன இருக்கிறது? விசிலை எடுத்து இரண்டு கொடுத்தேன். டிரைவர் மறுபேச்சுப் பேசாமல் கியரைப் போட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி உக்காருங்க, நம்ம ஆளுதான்" என்றாள்.

இந்தக் கூத்து இப்படி நடக்க, காருக்குள் நடந்த கூத்தைக் கேளுங்கள். நான் இல்லாத நேரத்தில் என்னிடம் பேசியிருக்கிறார்கள்! கட்டில் உடைந்த வருத்தத்தில் நான் உம்மென்று இருக்கிறேன் என்று நினைத்து, சமாதானப்படுத்துகிறார்களாம். ஏன் ஊர் ஊராகப் போகப் பிடிக்கிறது என்பதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் உங்கள் மகள், "மாமா, அத்தை போன பிறகு அந்த வீட்ல நீங்க தனியாத்தானே இருக்கீங்க, எங்ககூடவே வந்து இருந்துடுங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். மெத்தை என்ன பதில் சொல்லும்? "அப்பா ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு அர்த்தம். மௌனம் சம்மதம்" என்றிருக்கிறான் என் புத்திசாலி மகன். இரண்டு பேரும் ஒரே சந்தோஷத்தில் எனக்கு எந்த அறை என்றுகூட முடிவு செய்துவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டித் திரும்பிப் பார்த்தபோதுதான், துண்டுக்குள் நான் இல்லை.

பதறிப்போய்க் காரைத் திருப்பியிருக்கிறார்கள். எதிரே கட்டில் வருவதை பஸ் ஜன்னல் வழியாக நான்தான் முதலில் பார்த்தேன். யோசிக்க நேரமில்லை, ஒரே ஒரு விசில், பலமாக. பஸ் நின்றது. கார் நின்றது. சம்பந்தமே இல்லாத ஒரு பால் வண்டியும் நின்றது. பஸ்ஸுக்குள் நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். "உங்களை நம்ம ஆளுன்னு நம்பி உக்கார வச்சேனே!" என்று கண்டக்டரம்மா கத்தினாள். கால்களோடு இறங்கினேன்.

உங்கள் மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "இறங்கினா இறங்கிட்டேன்னு சொல்லமாட்டீங்களா மாமா?"

"ஏறிட்டேன்னு நான் சொன்னேனா?"

"ரெண்டு விசில் குடுத்தா வேற என்னப்பா அர்த்தம்?" என்று என் மகன் கத்தினான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் வீட்டுக்காரி போன பிறகு நான் எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று கேட்க ஒரு ஜீவன் இருந்ததில்லை. அன்றைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். அதற்காக நான் காரியத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மெத்தை சொன்ன சம்மதம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டேன். இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்கள்!

புது வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சின்ன வீடு, நல்ல காற்று. இரண்டு காலில் கட்டில் சரிந்து நின்றது, ஆகவே மற்ற இரண்டையும் அறுத்துவிட்டுத் தரையோடு தரையாகப் போட்டோம். இப்போது உருண்டு விழுந்தாலும் அடிபடாது. அதில் நான்தான் படுத்துக்கொள்கிறேன், நல்ல தூக்கம். நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஒருநாள் விடாமல் காலையும் மாலையும் மாடி போர்ஷனைப் பற்றிச் சொல்லி வருகிறேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், இவர்கள் எம்மாத்திரம். எப்படியும் இரண்டையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து உங்கள் மாடியில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை. போர்ஷனைப் பூட்டியே வையுங்கள். பெயிண்ட் மட்டும் இனி அடிக்க வேண்டாம், சுவர் தாங்காது.

உங்கள் முட்டிக்கு நல்ல காலம் பிறக்கட்டும். சம்பந்தியம்மா நீடூழி வாழ்ந்து என்னை மன்னிக்கட்டும். பிள்ளைகள் இருவரும் உங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே கண்டதை நேற்று எழுதி, உறையில் போட்டு, ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் வந்து, "வேலை நடக்கிற இடத்தைப் பாக்க வாங்க மாமா" என்று கூட்டிப்போனாள். பெரிய ஆறு. தண்ணீருக்குள் தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அக்கரையில் இருக்கிறவர்கள் இன்னும் படகில்தான் வந்துபோகிறார்கள். பஸ் என்ற ஒன்று அந்தக் கரைக்குப் போனதே இல்லையாம். நான் ஆயுசுக்கும் ஓடினேன், போன இடத்துக்கேதான் திரும்பத் திரும்பப் போனேன். அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பாலம் முடிஞ்சதும் முதல்ல ஒரு பஸ்தான் மாமா போகும். கம்பெனியில சொல்லி வச்சிட்டேன், ரெண்டு விசில் நீங்கதான் குடுக்கணும்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி நின்று, "இந்த தடவை ஏறிட்டுக் குடுங்க" என்றாள்.

சம்பந்தி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராமல் ஊர் திரும்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர்கள் வருவதாக இல்லை. ஆகவே நானும் திரும்புவதாக இல்லை. என் வீட்டுச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது, என் கம்பளியை மட்டும் எடுத்து அனுப்பிவையுங்கள். இல்லை, அனுப்ப வேண்டாம், நீங்கள் இரண்டு பேருமே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மாடிக்கு யாராவது குடிவரட்டும். துண்டுக்கா டிக்கெட் என்று கேட்டவன்தான் நான். இருந்தாலும் அந்த முதல் பஸ்ஸில் ஜன்னலோரமாக உங்கள் இருவருக்கும் துண்டு போட்டு வைக்கிறேன், எவன் எடுத்து எறிகிறான் என்று பார்த்துவிடுகிறேன்.