தலைமையகம் முதல் கிளை வரை ஒரு பாதுகாப்பான சுரங்கம்

எங்கள் இலாகாவின் தலைமையகத்துக்கும் கிளை அலுவலகத்துக்கும் நடுவே போகும் கோப்புகளை இணையத்தில் யாரோ திருட்டுத்தனமாகப் படிக்கிறார்கள் என்று மேலிடம் சந்தேகப்பட்டது. எங்கள் கோப்புகளை எங்களாலேயே இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க முடிவதில்லை. திருடிப் படிக்கவும் ஒருவன் இருக்கிறான் என்பதில் எல்லோருக்கும் உள்ளூரப் பெருமை. ஆகவே, 'வி.பி.என். என்னும் பாதுகாப்பான சுரங்கத்தை லினக்ஸ் கணினிகளில் உடனடியாக நிறுவி, இயக்கி, அறிக்கை அளிக்குமாறு' உத்தரவு வந்தது. அந்தச் சுரங்கத்துக்குள் போகும் கோப்பை நடுவழியில் யாரும் பிரித்துப் பார்க்க முடியாது.

இலாகாவில் லினக்ஸ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தவன் என்றால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும்போது முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பேன். அதுவே போதும் என்று முடிவானது.

எனக்கும் இதில் சுயநலம் உண்டு. என் மனைவி கிளை அலுவலகத்தில் குமாஸ்தா. அவளும் ஐந்து வயது மகளும் அங்கே, நான் இங்கே. நடுவில் நான்கு மணி நேர பஸ். "சுரங்கம் மட்டும் ஓடட்டும், நீ அங்கேயே உக்காந்து வேலை பாரு" என்று மேலதிகாரி வாய்மொழியாக அருள்பாலித்திருந்தார். மூன்று வருடப் பிரிவு மூன்று கட்டளைகளில் தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

முதல் கட்டம், சாவி. ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு சாவிகள். இரண்டும் நீளமான எழுத்துக் கோவைகள். ஒன்றை எதிர்முனைக்குக் கொடுக்கலாம். மற்றது ரகசியம், அந்தக் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது.

"இந்த ரகசியச் சாவிய யார் சரிபார்த்தது?" என்றார் மேலதிகாரி.

"யாரும் பாக்கக் கூடாது சார்."

"யாரும் பாக்காம நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுறது? நகல் எடுத்து, உண்மை நகல்னு முத்திரை குத்திக் கொண்டா."

மொத்தம் நாற்பத்து நான்கு எழுத்துகள். மூன்று பேர் விரல் வைத்து ஒப்பிட்டு ஒப்பமிட்டார்கள். ஒரு பிரதி தகவல் பலகையில் ஒட்டப்பட்டது. என் இடமாற்றம் அவர் கையில் இருந்தது. சத்தமில்லாமல் வேறு சாவி செய்துகொண்டேன்.

அடுத்து, என் நாற்காலியில் இருந்தபடியே கிளைக் கணினிக்குள் நுழைந்து, 'இனி எல்லாப் போக்குவரத்தும் சுரங்கம் வழியாகவே' என்று கட்டளையிட்டேன். கணினி அப்படியே கீழ்ப்படிந்தது. நான் அதனோடு பேசிக்கொண்டிருந்த இணைப்பையும் சேர்த்து, இன்னும் திறக்காத சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டது. திரை உறைந்தது. மனைவிக்குப் போன் போட்டேன்.

"உள்ள போன கதவை நானே சாத்திட்டேன்."

"சாவிய உள்ள வெச்சுட்டுக் கதவைச் சாத்துறது உங்களுக்குப் புதுசா? நான் போய் அமத்திட்டுத் திரும்பப் போடட்டுமா?"

"கூடாது. தலைமையக நிபுணர் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு சுற்றறிக்கை."

"எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தான்."

அந்த நிபுணரும் நானேதான். நிபுணர் பஸ் ஏறினார். ஒரு பொத்தானை அமுக்கினார். அந்த வாரமே அதே தப்பை வேறு எழுத்துகளில் செய்து, மறுபடியும் பஸ் ஏறினார். இப்படி ஐந்து முறை. ஒருமுறை திரும்பும்போது கிளை மேலாளர் ஒரு பென் டிரைவை நீட்டினார். "வெறுங்கையோடதானே போறீங்க? தபால் பையில போட்டா எட்டு நாள் ஆகுது. இதைக் கொஞ்சம் சேத்துடுங்க."

சேர்த்தேன். மேலதிகாரி துள்ளிக் குதித்தார். "காலையில அனுப்பினது மத்தியானமே வந்துடுச்சே! சுரங்கம்னா இதுய்யா சுரங்கம்!"

"சார், அது வந்து..." என்று இழுத்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். கையை உருவிக்கொள்ளும் துணிச்சல் எனக்கு இல்லை. அதன்பின் வாரம் இரண்டு முறை பராமரிப்பு என்று போய், கோப்புகளைப் பென் டிரைவில் பையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

சுரங்கம் ஏன் உண்மையில் ஓடவில்லை என்பதற்குப் யாருக்கும் காட்டாமல் பதினோரு பக்கத்தில் காரணம் எழுதி வைத்திருந்தேன். கேபிள்காரன், மின்சாரம், பக்கத்துக் கட்டிடம் என்று ஒருவரையும் விடவில்லை. கடைசியில் பார்த்தால், வந்ததை அடுத்த கணினிக்குத் தள்ளிவிடச் சொல்லும் ஒரு வரியில் ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது. அதைத் தொடாமல் விட்டவன் நான். வெட்கத்தோடு ஒன்று போட்டேன். அடுத்த கோப்பு மூன்று வினாடியில் வந்து விழுந்தது.

மேலதிகாரியின் முகம் கறுத்தது. "மூணு செகண்டா? வழியில யாரு பாத்தா? முன்னாடி நாலு மணி நேரம் ஆச்சு, அதுல ஒரு பொறுப்பு இருந்துச்சு."

"இப்பதான் சார் சரியா ஓடுது. நான் கிளைக்குப் போகலாமா?"

"எதுக்கு? அதான் சுரங்கம் ஓடுதே! அங்க இருக்கிற வேலையெல்லாம் நீ இங்கிருந்தே பாக்கலாமே. இனிமே உனக்குப் பஸ் அலைச்சலும் இல்ல." எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

நாற்காலிக்குத் திரும்பினேன். அழுகை வந்தது. வாரம் இரண்டு நாளாவது மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதையும் என் கையாலேயே சரிசெய்து தொலைத்துவிட்டேன். ஒன்றை அழித்து மறுபடியும் பூஜ்யம் போட்டேன். அன்று மத்தியானமே சுரங்கம் பழுது என்று எழுதிக் கொடுத்தேன். "நான் அப்பவே சொன்னேன்ல, அவ்வளவு வேகம் ஆகாதுன்னு!" என்றார் மேலதிகாரி. செவ்வாயும் வியாழனும் பராமரிப்புப் பயணம் நிரந்தரமானது. ஆண்டறிக்கையில், 'இதுவரை ஒரு தகவல்கூட வழியில் திருடு போகவில்லை' என்று எழுதினார்கள். அது உண்மைதான். பையை மடியிலேயே வைத்திருப்பேன்.

போன வியாழக்கிழமை பக்கத்து இருக்கைக்காரரும் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

"எந்த இலாகா?" என்றேன்.

சொன்னார். குரலைத் தாழ்த்தி, "உங்க சுரங்கம் எப்படி ஓடுது?" என்றார்.

"பிரமாதம்."

"எங்களுதும்தான்."

முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் மடியிலும் பை.

பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மடிப் பைக்காரர்களாக ஒன்பது பேர் தேறினோம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு சட்டைப் பையிலும் போன் அடிக்க ஆரம்பித்தது.

"என்னய்யா, லைன் கட்டாயிடுச்சா?" என்றார் மேலதிகாரி.

"சின்னத் தடங்கல் சார், பாத்துக்கிட்டிருக்கோம்" என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, ஜாக்கியைப் பிடிக்கப் போனோம்.